'டிக்' என்று ஒரு சத்தம்!

கம்பளிச் சால்வை இருந்தால் எடுத்துப் போர்த்திக் கொள்ளுங்கள். மார்கழி மாதத்து விடியற்காலையில் உங்களை நீலகிரிக்கு அழைத்துப் போகப் போகிறேன். ஊட்டிக்கு அல்ல, அங்கிருந்து முத்தோரைப் பாலாடா வழியாகச் சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் எமரால்டுக்கு. எமரால்டு என்றால் மரகதம். தேயிலைச் சரிவுகளும், காரட்டும் உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸும் விளையும் படிப்படியான நிலங்களும், நடுவே பரந்து கிடக்கும் ஏரியும் சேர்ந்து அந்தப் பெயருக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் நாம் இப்போது காட்சி பார்க்க வரவில்லை. ஒரு வீட்டு வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிளைப் பார்க்க வந்திருக்கிறோம்.

அந்த வீட்டில் கணவன், மனைவி இருவருக்கும் ஊட்டியில் உத்தியோகம் என்று வைத்துக் கொள்ளுங்கள். வீட்டுக்கு ஒரே வண்டி. பஸ்ஸைத் தவற விட்டால் அடுத்த பஸ்ஸுக்குக் குளிரில் கால் மாற்றி நிற்க வேண்டியதுதான். புல்லின் மேல் உப்புத் தூவினாற்போல் உறைபனி படிந்திருக்கிறது. இடியாப்பமும் தேங்காய்ப் பாலும் டப்பாவில் ஏறியாகி விட்டன. கணவர் வண்டியில் உட்கார்ந்து சாவியைத் திருப்பிப் பொத்தானை அழுத்துகிறார்.

'டிக்!'

அவ்வளவுதான். இன்னொரு முறை அழுத்துகிறார். மறுபடியும் 'டிக்!'

எதிர் வீட்டுப் பெரியவர் மங்கி குல்லாயுடன் எட்டிப் பார்க்கிறார். "பாட்டரி போயிருக்கும், தம்பி. புதுசு வாங்கிப் போட்டுடு" என்கிறார். தேயிலை மூட்டை ஏற்றிக் கொண்டு போகும் பையன் ஒருவன் வண்டியை நிறுத்தி, "செல்ஃப் மோட்டாரே போச்சுண்ணா! முழுசா மாத்தணும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போகிறான். முதல் யோசனைக்கும் ஆயிரக் கணக்கில் செலவு. இரண்டாவது யோசனைக்கும் ஆயிரக் கணக்கில் செலவு. இரண்டையும் செய்துவிட்டு, மூன்றாவதாக ஒரு சின்னச் சாமான்தான் தேய்ந்திருந்தது என்று கண்டுபிடித்த குடும்பங்கள் அநேகம் உண்டு. அந்தச் சாமான் புளியங்கொட்டை அளவுகூட இராது. விலையோ நூறுகளில் அடங்கிவிடும்.

ஆகவேதான் இதை உங்களிடம் சொல்ல வந்தேன். மாதக் கடைசியில் ஆயிரமா, நூறா என்பது வீட்டுக் கணக்கு எழுதுகிறவருக்குத்தானே உறைக்கும்! 'எனக்கும் மோட்டார் யந்திரத்துக்கும் என்ன சம்பந்தம்?' என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். உங்கள் சமையல் அறையிலேயே அந்தச் சாமான் இருக்கிறது. மிக்ஸியில் சட்னி அரைக்கும்போது அடிப்பக்கத்துக் காற்றுத் துளைகள் வழியே நீல நிறப் பொறி பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு வாசனைகூட வரும். கடைக்குக் கொண்டு போனால், "கார்பன் தேய்ஞ்சு போச்சும்மா" என்று சொல்லி இரண்டு கரித் துண்டுகளை மாற்றிக் கொடுப்பார். மோட்டார் சைக்கிளின் செல்ஃப் மோட்டாரில் இருப்பதும் அதன் தம்பிதான்.

அது என்ன வேலை செய்கிறது? செல்ஃப் மோட்டார் கைக்கு அடக்கமான ஓர் உருளை. அதன் கூட்டுக்குள்ளே சுவரை ஒட்டினாற்போல் காந்தங்கள். நடுவில் தாமிரக் கம்பி சுற்றிய ஒரு சுழலி. அதற்கு ஆர்மேச்சர் என்று பெயர். சுழலியின் ஒரு நுனியில் தாமிரப் பட்டைகளை வளையமாக அடுக்கியிருக்கும். அதைக் கம்யூட்டேட்டர் என்பார்கள். சுற்றிக் கொண்டே இருக்கும் ஒரு பொருளுக்குள் மின்சாரத்தை எப்படி அனுப்புவது? கம்பியை நேரே கட்டினால் முறுக்கிக் கொண்டு அறுந்து போகும். எனவே கரித் துண்டுகளை ஸ்பிரிங் வைத்து அந்தத் தாமிர வளையத்தின் மேல் அழுத்தி விடுகிறார்கள். வளையம் சுற்றும், கரி உரசிக் கொண்டே மின்சாரத்தை உள்ளே தள்ளும். சந்தனக் கட்டை கல்லில் தேய்வதுபோல் கரி தேயும். அது தேய்வதற்கென்றே பிறந்தது. தான் கரைந்து தாமிரத்தைக் காப்பாற்றுவதுதான் அதன் உத்தியோகம்.

இந்தக் கரித் துண்டுக்கு 'பிரஷ்' என்று பெயர் வந்ததில் ஒரு வேடிக்கை. ஆதியில் வந்த யந்திரங்களில் மெல்லிய தாமிரக் கம்பிகளைக் கற்றையாகக் கட்டி, நிஜமாகவே ஒரு பிரஷ் மாதிரிதான் உரச வைத்தார்கள். தாமிரமும் தாமிரமும் உரசினால் இரண்டும் பாழ். 1885-ஆம் வருஷம் பிரிட்டனில் ஜார்ஜ் ஃபோர்ப்ஸ் என்பவர் கரியை உபயோகிக்கும் உபாயத்துக்குக் காப்புரிமை பெற்றார். உருவம் மாறிற்று, பெயர் மட்டும் ஒட்டிக் கொண்டது.

ஏரி சொல்லும் பாடம்

எமரால்டில் நின்று கொண்டு இந்த மோட்டாரைப் பற்றிப் பேசுவதில் ஒரு பொருத்தம் உண்டு. கண் முன்னே தெரியும் எமரால்டு ஏரியும், அதன் இரட்டைச் சகோதரியான அவலாஞ்சி ஏரியும் குந்தா நீர்மின் திட்டத்துக்காக உண்டானவை. 1950-களின் பிற்பகுதியில், கொழும்புத் திட்டத்தின் கீழ், கனடா நாட்டின் உதவியோடு ஆரம்பித்த வேலை. இரண்டு ஏரிகளின் தண்ணீரும் மலைக்குள் குடைந்த சுரங்கத்தில் புகுந்து, கிடுகிடு பள்ளத்தில் இறங்கி, குந்தாவின் முதல் மின்நிலையத்துச் சக்கரங்களைச் சுற்றுகின்றன. சக்கரம் சுற்றினால் மின்சாரம் பிறக்கிறது. இதையே தலைகீழாக்குங்கள்: மின்சாரத்தைக் கொடுத்தால் சக்கரம் சுற்ற வேண்டும் அல்லவா? சுற்றத்தான் செய்கிறது. 1873-இல் வியன்னா நகரத்துப் பொருட்காட்சியில் கிராம் என்பவரின் மின்சார யந்திரம் ஒன்றை இன்னொன்றோடு இணைத்தபோது, ஒன்று மின்சாரம் கொடுக்க, மற்றது தானாகச் சுற்றிக் காட்டிக் கூட்டத்தை அசத்தியது.

எமரால்டு ஏரிக்கே இப்போது அந்த இரட்டை வேஷம் வந்திருக்கிறது. மேலே போர்த்திமந்து ஏரியையும் கீழே அவலாஞ்சி - எமரால்டு ஏரிகளையும் இணைத்து, 125 மெகாவாட் யந்திரங்கள் நான்கு கொண்ட நீரேற்று மின்நிலையத் திட்டம் ஒன்றை அரசு எடுத்துக் கொண்டிருக்கிறது. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் யந்திரம் மோட்டாராகித் தண்ணீரை மேலே ஏற்றும்; மின்சாரம் தேவைப்படும் நேரத்தில் அதே யந்திரம் ஜெனரேட்டராகி அதே தண்ணீரை வாங்கிக் கொண்டு சுற்றும். வாசலில் 'டிக்' என்று முரண்டு பிடிக்கும் அந்தக் கைப்பிடி அளவு மோட்டார், பிரம்மாண்டமான இந்தக் குடும்பத்தில் ஒரு கடைக்குட்டி.

வண்டியைக் கிளப்ப மின்சாரம் என்ற யோசனையும் இன்று நேற்று வந்ததல்ல. 1912-ஆம் வருஷத்து காடிலாக் காரில், சார்லஸ் கெட்டரிங் அமைத்த மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. அதுவரை காருக்கு முன்னால் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். சில சமயம் அது திரும்பி உதைத்துக் கையை முறித்துவிடும். பொத்தான் வந்த பிறகுதான், பக்கத்தில் ஆண்பிள்ளைத் துணை இல்லாமல் ஸ்திரீகள் சாவகாசமாகக் கார் ஓட்டிக் கொண்டு போக முடிந்தது. மோட்டார் சைக்கிளில் முதலில் முயன்றது 'இந்தியன்' கம்பெனி. பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம், அது அமெரிக்கக் கம்பெனி! 1914-இல் 'ஹெண்டி ஸ்பெஷல்' என்று ஒரு வண்டி விட்டார்கள். அந்தக் காலத்து பாட்டரிகள் குலுக்கலையும் வேலையையும் தாங்காமல் படுத்து விட்டன. வண்டியும் அந்த வருஷத்தோடு சரி. நம் நாட்டில் 1984-இல் வந்த கைனடிக் ஹோண்டா ஸ்கூட்டர்தான் கியரும் வேண்டாம், உதையும் வேண்டாம் என்று பொத்தானைக் கொடுத்தது. புடவை கட்டிக் கொண்டு கிக்கரை உதைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

இப்போது வரும் பல மோட்டார் சைக்கிள்களில் கிக்கரே கிடையாது. பொத்தான் கைவிட்டால் கதி? கியர் வண்டியானால் இரண்டாவது கியரில் போட்டு, கிளட்சைப் பிடித்துச் சரிவில் உருட்டி, வேகம் வந்ததும் விட்டால் கிளம்பும். எமரால்டில் சரிவுக்குப் பஞ்சமா? ஆனால் பாட்டரி அடியோடு செத்திருந்தால், பெட்ரோலைப் பீய்ச்சும் இந்தக் காலத்து யந்திரம் அதற்கும் அசையாது. கியர் இல்லாத ஸ்கூட்டரையோ ஊட்டி வரைக்கும் உருட்டினாலும் கிளப்ப முடியாது. சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் உள்ள தொடர்பு எஞ்சின் ஓடினால்தான் பிடிக்கும். அதில் கிக்கர் இருந்தால் உதைக்கலாம், இல்லாவிட்டால் பஸ்தான்.

காதைக் கொடுங்கள்

சரி, நம் வண்டிக்கு வருவோம். வைத்தியர் நாடி பார்ப்பதுபோல், இந்த நோய்க்குக் காதாலும் கண்ணாலும் பரீட்சை செய்ய வேண்டும். ஸ்பானரை அப்புறம் எடுக்கலாம்.

பொத்தானை அழுத்தினால் சத்தமே இல்லையா? முதலில் வலது கைப்பிடிக்குப் பக்கத்துச் சிவப்பு ஸ்விட்சைப் பாருங்கள். எஞ்சினை நிறுத்துவதற்கென்று வைத்த அதை, நேற்று மாலை வண்டியில் ஏறி 'டுர்ர்' விட்ட குழந்தை தள்ளி விட்டிருக்கும். பக்கத்து ஸ்டாண்டு போட்டிருக்கிறதா, ஸ்கூட்டரானால் பிரேக்கைப் பிடித்தீர்களா என்றும் பாருங்கள். பிரேக் பிடித்தால்தான் பல ஸ்கூட்டர்களில் பொத்தான் வேலை செய்யும். இவை எல்லாம் சரியாக இருந்தால் பியூஸ்.

'டக டக டக டக' என்று குளிரில் பல் அடித்துக் கொள்வதுபோல் கேட்கிறதா? அது பாட்டரி. காரணம் இதுதான். செல்ஃப் மோட்டாருக்கு வேண்டிய மின்சாரம் மிக அதிகம். உங்கள் மிக்ஸி இரண்டு, மூன்று ஆம்பியர்தான் இழுக்கும். இதுவோ கிளம்பும் கணத்தில் பல பத்து ஆம்பியரை விழுங்கும். அத்தனையும் சின்னப் பொத்தான் வழியாகப் போனால் பொத்தான் உருகி விடும். ஆகவே பொத்தான் 'ரிலே' என்ற ஒரு காவல்காரனை எழுப்புகிறது. அவன் பெரிய கதவைத் திறக்கிறான். அந்தக் கதவு திறக்கும் சத்தமே 'டிக்'. பாட்டரி பலவீனமானால் கதவு திறந்த உடனே மின்னழுத்தம் விழுந்து, ரிலேயின் பிடி விட்டுப் போகிறது. விட்டதும் மின்னழுத்தம் ஏறி மறுபடியும் பிடிக்கிறது. அதுதான் 'டக டக'.

நம் வண்டியில் கேட்டதோ ஒரே ஒரு 'டிக்'. இங்கேதான் கண் வேண்டும். சாவியைத் திருப்பி, பிரேக்கை மிதித்துப் பின் விளக்கை எரியவிட்டு, ஒருவர் பின்னால் நின்று விளக்கையே பார்க்கட்டும். மற்றவர் பொத்தானை அழுத்தட்டும். விளக்கு மங்கி அணைகிறாற்போல் ஆனால், மின்சாரம் எங்கோ போக முயல்கிறது. பாட்டரியில் சத்து இல்லை, அல்லது அதன் முனைகள் பச்சை பூத்துத் தளர்ந்திருக்கின்றன, அல்லது மோட்டார் உள்ளே இறுகிக் கிடக்கிறது என்று அர்த்தம். விளக்கு லவலேசமும் மங்காமல், 'எனக்கென்ன?' என்று எரிந்தால்? மின்சாரம் மோட்டாருக்குள் நுழையவே இல்லை. ரிலேயின் உள் முனை கருகியிருக்க வேண்டும். அல்லது கரி தேய்ந்து குட்டையாகி, ஸ்பிரிங்கின் கைக்கு எட்டாமல் தாமிரத்தைத் தொடாமல் நிற்க வேண்டும்.

கரிதான் என்று உறுதிப்படுத்த மெக்கானிக்குகள் ஒரு தந்திரம் செய்வார்கள். ஒருவர் பொத்தானை அழுத்திக் கொண்டிருக்க, மற்றவர் ஸ்க்ரூ டிரைவரின் மரப் பிடியால் மோட்டாரின் உடம்பில் லேசாகத் தட்டுவார். உடனே மோட்டார் விழித்துக் கொண்டு சுற்றினால் சந்தேகமே வேண்டாம். அதிர்ச்சியில் கரி ஒரு மயிரிழை நகர்ந்து தாமிரத்தைத் தொட்டுவிட்டது. சுத்தியல் எடுத்து ஓங்கிப் போட்டு விடாதீர்கள். உள்ளே இருக்கும் காந்தம் பீங்கான் மாதிரி, கீறி விடும். தட்டியதும் வண்டி கிளம்பியதே என்று அதோடு விட்டு விடவும் கூடாது. கரி உங்களிடம் கொஞ்சம் தவணை கேட்கிறது, அவ்வளவுதான். மழை இருட்டில், அவலாஞ்சி சாலையில் அந்தத் தவணை முடிந்தால் யாரைத் தட்டுவது?

மோட்டார் மட்டும் 'ஙொய்' என்று தனியே சுற்றி எஞ்சின் சும்மா இருந்தால் அது வேறு வியாதி. மோட்டாரையும் எஞ்சினையும் சேர்க்கும் ஒருவழிக் கிளட்ச் வழுக்குகிறது. அதில் மோட்டாரைக் கழற்றிப் பிரயோஜனம் இல்லை.

பாட்டரியைச் சந்தேகப்பட்டால், கடையில் மலிவாகக் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்று போதும். நிற்கும் வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் பாட்டரி வயிறு நிறைந்திருக்கிறது. 12-க்குக் கீழே என்றால் பட்டினி. பொத்தானை அழுத்தும்போது பத்து வோல்டுக்கு வெகுவாகக் கீழே போகக் கூடாது. முனைகளைத் துடைத்து இறுக்கிய பிறகுதான் இந்தத் தீர்ப்பு. துருப்பிடித்த முனை எவ்வளவு தின்னும் என்று கேளுங்கள்: ஓர் ஓமில் இருபதில் ஒரு பங்குத் தடைதான் என்றாலும், 50 ஆம்பியர் போகும்போது இரண்டரை வோல்டை அது விழுங்கி விடும். பன்னிரண்டில் இரண்டரை போனால் மோட்டாருக்கு என்ன மிச்சம்?

எமரால்டு சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். குளிர் இரவில் பாட்டரியின் பலம் குறைகிறது. எஞ்சின் ஆயிலோ தேன் மாதிரி கெட்டியாகிறது. கொடுப்பவன் சுருங்க, கேட்பவன் பெருக்க, நடுவில் அகப்பட்டுக் கொள்கிறது மோட்டார். சமவெளியில் இன்னும் ஆறு மாதம் ஓடியிருக்கக்கூடிய கரி, மலையில் மார்கழியிலேயே கையை விரித்து விடும். போதாததற்கு ஈரம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. சென்னையில் பல மாதங்கள் பெய்தாலும் வராத மழை! சக்கரம் வாரி இறைக்கும் தண்ணீர், மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால், மோட்டாருக்குள் புகுந்து விடும். உள்ளே துரு. காந்தத்தை ஒட்டிய பசைகூட விட்டுப் போவதுண்டு.

உள்ளே என்ன?

இனி கழற்றும் படலம். நீங்களே செய்ய வேண்டும் என்று சொல்ல வரவில்லை. செய்கிறவர் பக்கத்தில் நின்று பார்த்தாலும் போதும். ஆனால் மிக்ஸி மூடியைத் திறந்து பார்த்த கைகளுக்கு இது அப்படி ஒன்றும் மலையில்லை.

முதலில் பாட்டரியின் கழித்தல் முனையைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள். இதைச் செய்யாமல் ஸ்பானர் போட்டால், கை தவறி இரும்பில் பட்டதும் தீபாவளி! பெட்ரோல் வண்டிப் பக்கத்தில் அந்த விளையாட்டு வேண்டாம். பிறகு மோட்டாரின் தடித்த ஒயர். பிறகு எஞ்சினோடு பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டுகள். மோட்டார் கைக்கு வந்ததும், கூட்டின் மேலும் இரண்டு மூடிகளின் மேலும் தொடர்ச்சியாக ஒரு கோடு கிழித்துக் கொள்ளுங்கள். திரும்ப மூட்டும்போது எது எங்கே என்று திகைக்க வேண்டியதில்லை. நீண்ட திருகுகளைக் கழற்றி மூடியைத் திறந்தால், இரு நுனிகளிலும் மெல்லிய வாஷர்கள் இருக்கும். எந்தப் பக்கம் எத்தனை, எந்த வரிசை என்று செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக் கொள்ளுங்கள். வாஷர் ஒன்றைத் தொலைத்து விட்டு வீடு முழுவதும் தேடுவதைவிட அது உத்தமம்.

உள்ளே கரிப்பொடி அப்பிக் கிடக்கும். வாயால் ஊதாதீர்கள்; மூக்குக்குள் போகும். உலர்ந்த துணியாலோ பழைய பல் பிரஷ்ஷாலோ துடைத்து எடுங்கள். ஈரமும் எண்ணெயும் பிசுபிசுத்தால் எஞ்சின் பக்கத்து ஆயில் சீல் ஒழுகுகிறது. அதை மாற்றாமல் கரியை மட்டும் மாற்றினால் மறுபடியும் இதே கதை.

இப்போது கரியை அளவெடுங்கள். எவ்வளவு நீளத்துக்குக் குறைந்தால் மாற்ற வேண்டும் என்று ஒவ்வொரு வண்டிக்கும் கம்பெனிப் புத்தகத்தில் கணக்கு உண்டு. புத்தகம் கிடைக்காவிட்டால் புதுக் கரியோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் யோசிக்க வேண்டாம். ஒன்று நீளமாகவும் ஒன்று குட்டையாகவும் இருந்தாலும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். கரி தன் கூட்டுக்குள் தாராளமாக நழுவுகிறதா, ஸ்பிரிங் விறைப்பாக அழுத்துகிறதா என்றும் பாருங்கள். சூட்டில் நீலம் பாரித்த ஸ்பிரிங் இருந்தும் இல்லாததற்குச் சமானம்.

அடுத்தது கம்யூட்டேட்டர். பழுப்பு நிறத்தில் ஒரே சீராகப் பளபளத்தால் ஆரோக்கியம். கரி படிந்து கறுத்திருந்தால் துணியால் துடைத்து, அதற்கும் போகாவிட்டால் மிக மிருதுவான உப்புத்தாளால் வட்டமாக லேசாகத் தேய்க்கலாம். சில கம்பெனிகள் அதுகூடக் கூடாது என்கின்றன. ஆகையால் கையை அடக்கியே தேய்க்க வேண்டும். எமரித் தாளை மட்டும் கிட்டே கொண்டு வராதீர்கள். அதன் பொடி தாமிரப் பட்டைகளுக்கு நடுவே சிக்கிக் கொண்டு புதுக் கரியை அரம்போல் ராவிவிடும். எமரால்டில் எமரி ஆகாது என்று ஞாபகம் வைத்துக் கொண்டால் மறக்காது! பட்டைகளுக்கு இடையில் மைக்கா என்ற அப்பிரகத் தடுப்பு இருக்கும். தாமிரம் தேய்ந்து மைக்கா அதோடு சமமாகி விட்டால் கரி அதன் மேல் ஏறி இறங்கித் துள்ளும், பொறி பறக்கும். உடைந்த ஹாக்ஸா பிளேடு துண்டால் அந்தச் சந்துகளைக் கீறி, மைக்காவைக் கொஞ்சம் ஆழமாக்க வேண்டும். கை நடுங்காத ஒருவர், அவசரம் இல்லாத ஒரு மாலையில் செய்ய வேண்டிய வேலை.

மல்டிமீட்டர் இருக்கிறதே, அதற்கும் இங்கே வேலை உண்டு. எந்த இரண்டு தாமிரப் பட்டைகளை வைத்துத் தொட்டாலும் மின்சாரம் பாய வேண்டும். எந்தப் பட்டைக்கும் நடு இரும்புத் தண்டுக்கும் இடையில் பாயக் கூடாது. இதில் ஏதாவது ஒன்று தவறினாலும், ஒரே இடத்தில் பட்டைகள் ஜோடியாகக் கருகியிருந்தாலும், சுற்றுக் கம்பியில் தீய்ந்த வாசனை அடித்தாலும், காந்தம் உடைந்து கிடந்தாலும் அப்போது தேயிலைப் பையன் சொன்னதுதான் சரி. மோட்டாரை முழுசாக மாற்ற வேண்டியதுதான். செத்த ஆர்மேச்சருக்குப் புதுக் கரி போடுவது வீண் செலவு. ஆனால் இந்தப் பரீட்சைகளுக்கு அப்புறம் வந்த தீர்ப்புக்கும், தெருவில் போகிறபோது சொன்ன தீர்ப்புக்கும் வித்தியாசம் இருக்கிறது அல்லவா?

புதுக் கரி பூட்டுவதில் ஒரு நுணுக்கம். சில வண்டிகளில் கரியும் அதன் தட்டும் சேர்ந்தே கிடைக்கும், திருகினால் தீர்ந்தது. சிலவற்றில் கரியின் பின்னல் வாலை ஈயப் பற்று வைத்து ஒட்ட வேண்டும். ஈயம் உருகி வாலில் மேலே ஏறிவிட்டால் வால் கம்பிபோல் விறைத்து, கரியை நகர விடாது. புதுக் கரி, பழையதைப்போலவே வேலை செய்யாமல் நிற்கும். நல்ல ரிப்பேர்க்காரர் என்றால் வாலின் அடியில் மட்டும் ஒரு பொட்டு வைத்து நிறுத்திக் கொள்வார்.

திரும்ப மூட்டும்போது பெரும்பாலோர் திணறுவது இங்கேதான்: ஸ்பிரிங் கரியை முன்னால் தள்ளும், கம்யூட்டேட்டரோ உள்ளே நுழைய வேண்டும். கரியை விரலால் பின்னுக்குத் தள்ளிப் பிடித்துக் கொண்டு, அல்லது பழைய பிளாஸ்டிக் அட்டையில் வெட்டிய சின்னப் பட்டையைக் குறுக்கே கொடுத்து, வளையம் உள்ளே போனதும் உருவி விடலாம். அப்புறம் ஆர்மேச்சரைக் காந்தக் கூட்டுக்குள் விடும்போது ஜாக்கிரதை. காந்தம் வெடுக்கென்று பிடுங்கி இழுக்கும்; விரல் நடுவில் இருந்தால் நசுங்கும். வாஷர்களை அதே வரிசையில் போட்டு, மூடியின் ரப்பர் வளையத்தைப் புதிதாகவே மாற்றி, அதில் துளி ஆயில் தடவி, கிழித்த கோடுகளை ஒன்று சேர்த்துத் திருகுங்கள்.

வண்டியில் ஏற்றுவதற்கு முன், தனி பாட்டரியில் தடித்த ஒயரால் தொட்டு ஒரு பரீட்சை. மோட்டாரை இறுகப் பிடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிராண்டிக் கொண்டு மேஜையிலிருந்து குதிக்கும். இரண்டு விநாடி போதும். ஒரே சுருதியில் சுற்றினால் வேலை முடிந்தது.

2019-க்குப் பிறகு வந்த சில ஸ்கூட்டர்களில் இந்த மோட்டாரே கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பொத்தானை அழுத்தினால் கரகரப்பே இல்லாமல், சத்தம் போடாமல் கிளம்பும். அவற்றில் எஞ்சினோடு சுற்றி பாட்டரிக்கு மின்சாரம் கொடுக்கும் ஜெனரேட்டரே கிளம்பும்போது மோட்டாராக மாறிக் கொள்கிறது. போர்த்திமந்துக்கும் எமரால்டுக்கும் நடுவே திட்டமிட்டிருக்கிற அதே வித்தைதான்! அங்கே கரியும் இல்லை, தேய்மானமும் இல்லை. கோளாறு வந்தால் மின்னணுப் பெட்டியைப் பார்க்கத் தெரிந்தவரிடம்தான் போக வேண்டும். ஆகவே கழற்றுவதற்கு முன் உங்கள் வண்டி எந்த ஜாதி என்று கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள்.

மற்ற வண்டிகளுக்கு ஒரு பழக்கம் மட்டும் போதும். பொத்தானை ஒரு தடவையில் ஐந்து விநாடிக்கு மேல் அழுத்தாதீர்கள். கிளம்பாவிட்டால் பத்துப் பதினைந்து விநாடி பொறுத்து மறுபடியும் அழுத்துங்கள். இடைவிடாமல் அழுத்தினால் மோட்டார் சுடும். சுட்டால் கரியும் ஸ்பிரிங்கும் சேர்ந்தே கெடும்.

கரி வாங்கக் கடைக்குப் போகும்போது பழைய துண்டைக் காகிதத்தில் மடித்துக் கொண்டு போங்கள். பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும் கரிகள் அகலத்தில் மயிரிழை வித்தியாசப்படும். பெரிதானால் கூட்டுக்குள் சிக்கும், சிறிதானால் ஆடும். மெக்கானிக்கிடம் விட்டு வருவதானால், "கழற்றின சாமானையெல்லாம் ஒரு பொட்டலத்தில் போட்டுக் கொடுத்துடுங்க, அண்ணா" என்று முன்கூட்டியே சொல்லி வைத்து விடுங்கள்.